ஒன்பதாம் கஜத்தில் செத்த பந்து

வெர்லின் ஓட்ஸைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் முதலில் சுண்டுவிரல் கதையைத்தான் சொல்வார்கள். பதினேழு வயதில் பள்ளி அணிக்கு ஆடும்போது, பந்துக்காக ஆள் மேல் ஆள் விழுந்து கிடந்த குவியலுக்கு அடியில், எதிரணிக்காரன் ஒருவனின் சுண்டுவிரலை எலும்பு தெரியக் கடித்தவன் அவன். பந்து கிடைத்தது, அணியும் ஜெயித்தது. ஊரே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. வாயில் இருந்த ரத்தம் அவனுடையது என்று நினைத்து ஒரு பெண் கைக்குட்டை கொடுத்தாளாம்.

"அன்னிக்கு அம்பயர் குனிஞ்சு பார்க்கல லாலோ. பார்த்திருந்தா என்னைத் துரத்தியிருப்பான். அதனாலதான் நான் அம்பயர் ஆனேன்" என்பான் என்னிடம். இதைக் கேட்டு எல்லாரும் சிரிப்பார்கள். அவன் மட்டும் சிரிக்கமாட்டான்.

எங்கள் டெக்சஸ் கால்பந்தில் காலுக்கு வேலை கொஞ்சம்தான். பந்து முட்டை மாதிரி இருக்கும். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, பதினொரு பேர் அவனை மண்ணில் சாய்க்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. இதை நடத்த வரிச்சட்டை போட்ட ஐந்து பேர். ஜனங்கள் எங்களை வரிக்குதிரை என்றுதான் கூப்பிடுவார்கள், நல்ல நாளிலேயே. தலைவருக்கு வெள்ளைத் தொப்பி, மற்ற நால்வருக்குக் கறுப்பு. நான் ஓரக்கோட்டில் நிற்பவன். வெர்லின் அம்பயர். ஆட்கள் மோதிக்கொள்ளும் இடத்துக்கு நட்டநடுவில் நிற்க வேண்டிய வேலை அது. கொஞ்சம் மூளை இருக்கிறவன் எவனும் அங்கே போய் நிற்கமாட்டான்.

பந்து ஒருவன் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டால், இருபது பையன்கள் அதன்மேல் பாய்வார்கள். அந்தக் குவியலுக்குள் நடப்பது மேலே இருக்கிற ஜனங்களுக்குத் தெரியாது. கண்ணில் கட்டைவிரலை விடுவார்கள். கவட்டையில் முட்டியால் இடிப்பார்கள். விரலை ஒவ்வொன்றாகப் பின்னால் மடக்குவார்கள். மூச்சுக்குழாயைப் பிடித்து நெரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டுப் பாடுகிற பிள்ளைகள்தான் எல்லாரும். வெர்லின் குனிந்து, மேலே கிடப்பவனை இடுப்புவாரைப் பிடித்து உருவி எறிவான். அடுத்தவனை, அடுத்தவனை. பிறகு தோள்வரை கையை உள்ளே விட்டு, "வாயை மூடு, பந்து மேல இருக்கிற கை யாரோடது, அசைச்சுக் காட்டு" என்பான். அவன் முன்கையில் ஏழு பல்தடங்கள் இருந்தன. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. அவனுடைய தீர்ப்பை மட்டும் எந்தப் பயிற்சியாளரும் சந்தேகப்பட்டதில்லை. பார்த்ததைச் சொல்வான், பார்க்காததைச் சொல்லமாட்டான். எத்தனை பேர் சுற்றி நின்று கத்தினாலும் சரி.

பிழைப்புக்கு மாட்டிறைச்சி ஆலை. ஒரு நாளைக்கு மூவாயிரம் மாடு. காலில் சங்கிலி மாட்டித் தலைகீழாகத் தொங்கிவரும் மாட்டின் கழுத்தில் கத்தி போடுகிற இடத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்றான். ஏழு நொடிக்கு ஒரு கழுத்து. ஒருமுறை பக்கத்தில் நின்ற லாவோஸ்காரன் ஒருவனின் கை சங்கிலியில் மாட்டிக்கொண்டது. அவன் வாய் திறந்து கத்துவதற்குள் வெர்லின் நிறுத்தும் கயிற்றை இழுத்துவிட்டான். கை மிஞ்சியது. நிறுத்தத் தெரியாதவன் என்று அவனை யாரும் சொல்லமுடியாது. நான் இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அவன் முதலில் இருந்தது மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், நியூ மெக்சிகோவில். அங்கேதான் பத்தொன்பது வருஷம் அம்பயராக நின்றான். அந்த ஆலையை மூடியதும் பதினான்கு மைல் கிழக்கே வந்து எங்கள் டெக்சஸ் ஆலையில் சேர்ந்தான், எங்கள் நடுவர் சங்கத்திலும் சேர்ந்தான். அதே மண், அதே காற்று, அதே சாணி நாற்றம். ஆனால் எல்லைக்கோட்டைத் தாண்டினால் கால்பந்துச் சட்டம் வேறு. எந்தப் புண்ணியவான் பண்ணிய ஏற்பாடோ தெரியாது.

ஒரு அணி பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் அது டச்டவுன், ஆறு புள்ளி. அதன்பின், அந்தக் கோட்டிலிருந்து எண்ணினால் மூன்றாம் கஜத்தில் வைத்து, ஒரே ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு. பந்தை உதைத்துக் கம்பத்துக்கு நடுவே அனுப்பினால் ஒன்று, கையில் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினால் இரண்டு. அந்த ஒரு வாய்ப்பில் பந்து கைநழுவி விழுந்தால் என்ன செய்வது? நியூ மெக்சிகோவில், அதே அணியில் எவன் எடுத்தாலும் ஓடலாம். டெக்சஸில் அப்படியில்லை. நழுவவிட்டவனே எடுத்தால் ஓடலாம். அவன் கூட்டாளி எடுத்தால், எடுத்த அந்த நொடியே பந்து செத்தது, வாய்ப்பு முடிந்தது. வேண்டுமென்றே பந்தை முன்னால் தவறவிட்டு இன்னொருவனை எடுக்கவைக்கிற கள்ளத்தனத்தைத் தடுக்கத்தான் இப்படி ஒரு சட்டம்.

பந்து சட்டப்படி தானாகச் செத்துவிடும். ஆனால் பையன்களுக்குச் சட்டம் தெரியாது. அவர்கள் விசில் கேட்டால்தான் நிற்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நேரத்துக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

வெர்லின் டெக்சஸ் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கினான். இந்தக் கேள்வியை நானே அவனிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். மூன்று தடவையும் சரியாகச் சொன்னான். ஆனால் கூடுதல் வாய்ப்பில் பந்து நழுவி, அதைக் கூட்டாளி எடுத்து ஓடுவது பத்து வருஷத்துக்கு ஒருதடவை நடப்பது. எங்களோடு நின்ற ஐந்து வருஷத்தில் ஒருதடவைகூட அவன் முன்னால் நடக்கவில்லை. தாளில் பதில் தெரியும். உடம்புக்கு மட்டும் அந்தப் பழைய ஊர்ச் சட்டம்தான் தெரியும்.

நவம்பர் மாதம், சனிக்கிழமை மத்தியானம், வெளியேற்றுச் சுற்று. தோற்றவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். டன்லீ அணிக்கும் கோல்டர் அணிக்கும் ஆட்டம். காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. முதல் பாதியிலேயே கோல்டர் பையன் ஒருவனுக்குத் தோள்பட்டை கழன்றது, டன்லீ பையன் ஒருவன் பல்லோடு ரத்தம் துப்பினான். வெர்லின் நான்கு குவியல்களைத் தோண்டினான். நான்காவதில் எவனோ அவன் மணிக்கட்டில் பூட்சால் மிதித்திருந்தான். கையை உதறிக்கொண்டு என் பக்கம் வந்தான்.

"உடைஞ்சுதா?" என்றேன்.

"மிதிச்சவனுக்குக் கால் வலிக்கும்" என்றான்.

கடைசி பதினோரு நொடி இருக்கையில் டன்லீ டச்டவுன் போட்டது. கோல்டர் இருபத்தொன்று, டன்லீ இருபது. உதைத்தால் சமம். டன்லீ பயிற்சியாளர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். ஜெயிப்பது அல்லது செத்துப்போவது என்று முடிவெடுத்துவிட்டார். பலகை இருக்கைகளில் நாலாயிரம் பேர் காலால் உதைத்துக்கொண்டிருந்தார்கள், தரை அதிர்ந்தது.

பந்து வந்தது. டன்லீயின் ஓட்டக்காரன் வலப்பக்கம் போனான். வழி அடைபட்டது, திரும்பிப் பின்னால் ஓடி வளைந்தான். ஆறாம் கஜத்தில் கோல்டர்காரன் ஒருவன் இடுப்பில் இடித்தான். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. பந்து தெறித்து, இரண்டு குதி குதித்து, பின்னால் ஒன்பதாம் கஜத்துக்கு வந்தது. அங்கே நின்றுகொண்டிருந்தவன் டன்லீயின் ஜாரட் விம்பர்லி. அறுபத்து நாலாம் எண், முன்வரிசைக்காரன், நூற்றுப் பத்து கிலோ. நான்கு வருஷமாக ஆடுகிறான், ஒருநாளும் பந்தைத் தொட்டதில்லை. முன்வரிசைக்காரன் வேலை இடி வாங்குவது மட்டும்தான். பந்து அவன் கைக்கு வந்து உட்கார்ந்தது.

அங்கேயே பந்து செத்தது. வெர்லின் அவனிடமிருந்து மூன்று கஜம் தள்ளி நின்றான். விசில் வாயில் இருந்தது. ஊதவில்லை.

நான் கோட்டின் மேல் நின்றேன். இடையில் யாருமில்லை, எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான் பிறந்ததே டெக்சஸில். வேறு சட்டம் எனக்குத் தெரியாது. நழுவவிட்டவன் வேறு, எடுத்தவன் வேறு என்று என் மூளை அந்த நொடியே சொன்னது. விசில் என் கையில் இருந்தது. நானும் ஊதவில்லை.

ஏன் என்று பல வருஷமாக எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். உண்மை ஒன்றுதான். அந்த ஓட்டம் பார்க்க நன்றாக இருந்தது. வாழ்நாளில் முதல்தடவையாகப் பந்து கிடைத்த அந்தத் தடிப்பயல், அதை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி ஓடிவந்தான். உள்ளே போய்விடுவானா என்று பார்க்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். விசில் ஊத வேண்டியவன் வேடிக்கை பார்த்தேன்.

இரண்டு நொடி ஓடினான். கோட்டருகே கோல்டரின் பின்காவல்காரன் எதிரே வந்தான். ஜாரட் பந்து கொண்டு ஓடிப் பழகாதவன். பழகியவன் தலையைத் தூக்கித் தோளைக் கொடுப்பான். இவன் தலையைக் குனிந்து கொடுத்தான். உச்சந்தலையும் உச்சந்தலையும் மோதின. ஆலையில் மாட்டின் நெற்றியில் ஆணித்துப்பாக்கி வைக்கும்போது ஒரு சத்தம் வரும், வெர்லின் பின்னால் என்னிடம் சொன்னான், அதே சத்தம் என்று. ஜாரட் கோட்டைத் தாண்டித்தான் விழுந்தான். விசில் இல்லாததால் மற்றவர்கள் நிற்கவில்லை. ஆறு பேர் அவன் மேல் விழுந்தார்கள். எட்டு பேர். பந்தைப் பிடுங்கினார்கள், குத்தினார்கள், மிதித்தார்கள்.

வெர்லின் ஓடிவந்து தோண்டினான். ஒவ்வொருவனாக உருவி எறிந்துவிட்டு, அடியில் கையை விட்டான். பந்து அவன் கையோடு வந்துவிட்டது. எதிர்ப்பே இல்லை. அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். இருபத்து நான்கு வருஷத்தில் குவியலுக்கு அடியில் கிடப்பவன் எவனும் பந்தை அவ்வளவு சுலபமாக விட்டதில்லை.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தினான். "இவனைத் தூக்காதீங்க! டாக்டர்!"

டன்லீ ஜனங்களுக்கு இதெல்லாம் தெரியவில்லை. அவர்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். கொட்டு முழங்கியது.

வெள்ளைத் தொப்பி கேய்லர்ட் ப்ரூயிட் எங்களைக் கூப்பிட்டார். பத்தடி தள்ளி மருத்துவர் பையனின் காலில் ஊசியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கேய்லர்ட் வருவதற்குள் நான் வெர்லின் காதருகே போனேன்.

"நழுவலன்னு சொல்லிடு. அவன் கையால இவன்கிட்ட குடுத்தான்னு சொல்லு. குடுத்தா யாரு வேணா ஓடலாம். ரெண்டு புள்ளி குடுத்துடுவோம். அந்தப் பையனுக்கு அதாவது மிஞ்சட்டும்."

பையனுக்காகச் சொன்னதாக அப்போது நானே நம்பினேன். புள்ளி கொடுத்துவிட்டால் விசில் எங்கே என்று எவனும் கேட்கமாட்டான் என்பதும் எனக்குத் தெரியும்.

வெர்லின் என்னைப் பார்த்தான். "நான் பார்த்தது அது இல்ல, லாலோ."

கேய்லர்ட் வந்ததும் சொன்னான். "ஆறாம் கஜத்துல நழுவுச்சு. அறுபத்து நாலு ஒன்பதுல எடுத்தான். அங்கேயே செத்துது. புள்ளி கிடையாது."

"யார் ஊதினது?"

"யாரும் ஊதல. எனக்கு முன்னாலதான் நடந்துது. நான் ஊதியிருக்கணும்."

கேய்லர்ட் என் பக்கம் திரும்பினார். "நீ என்ன பார்த்தே?"

"வெர்லின் சொன்னதுதான்" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

கேய்லர்ட் இரண்டு கையையும் முன்னால் குறுக்காக வீசிக் காட்டினார். செல்லாது. கொட்டு நின்றது. பிறகு டன்லீ பயிற்சியாளர் ஓடிவந்தார், தொண்டை நரம்பு புடைக்க.

"செத்த பந்துன்னா விசில் எங்கடா? விசில் எங்க?"

"ஊதல கோச். ஊதியிருக்கணும்" என்றான் வெர்லின்.

நடுவர் ஒருவன் தப்பை ஒப்புக்கொண்டு அவர் பார்த்ததே இல்லை. தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

ஹெலிகாப்டர் வந்து பையனை எடுத்துக்கொண்டு போனது. அவன் அம்மா கிளம்புகிற ஹெலிகாப்டரின் வாலைப் பிடிக்கப் போனாள், இரண்டு பேர் இழுத்துப் பிடித்தார்கள். மிச்சமிருந்த பதினோரு நொடி ஆடி முடிந்தது. டன்லீ தோற்றது.

காவலுக்கு வந்திருந்த இரண்டு போலீஸ்காரர்களும் ஹெலிகாப்டருக்கு வழி ஒதுக்கப் போயிருந்தார்கள். நாங்கள் ஐந்து பேரும் வண்டி நிறுத்துமிடத்துக்குத் தனியாகத்தான் நடந்தோம். நாற்பது ஐம்பது பேர் காத்திருந்தார்கள்.

"ஏய் வரிக்குதிரை! கண்ணு எங்க வச்சிருந்தே, பின்னாலயா?"

"பையன் கழுத்தை ஒடிச்சிட்டு புள்ளியையும் புடுங்கிட்டானுங்க!"

"எவன்டா அந்தத் தீர்ப்பு சொன்னது? எவன்?"

தலையைக் குனிந்துகொண்டு போயிருந்தால் நான்கு எச்சிலோடு முடிந்திருக்கும். இந்தப் பைத்தியக்காரன் நின்றான்.

"நான்தான்" என்றான்.

முதலில் ஒரு பெண் சூடான காபி குடுவையை அவன் முகத்தில் வீசினாள். பிறகு யாரோ வண்டியின் இழுவைக் கம்பியால் அடித்தான். இடது கண்ணுக்கு மேல் பிளந்தது. கேய்லர்ட் குறுக்கே போய் விலா எலும்பு மூன்று உடைந்து விழுந்தார். வெர்லின் முட்டிபோட்டான். அவன் மேல் ஆட்கள் விழுந்தார்கள். நான் அந்தக் குவியலை வெளியிலிருந்து பார்த்தேன். எவனையும் இடுப்புவாரைப் பிடித்து உருவுகிற தைரியம் எனக்கு வரவில்லை. வண்டியைக் கிளப்பி, ஒலிப்பானை அழுத்தியபடி அவர்கள் மேலேயே ஓட்டிக்கொண்டு போனேன். விலகினார்கள். சட்டைக் காலரைப் பிடித்து அவனை உள்ளே இழுத்துப் போட்டேன். வழி முழுக்க என் இருக்கையில் அவன் ரத்தம். இடது கண் போய்விட்டது என்று இரண்டு நாள் கழித்து டாக்டர் சொன்னார்.

நான் பத்திரமாக இருந்தேன். என் சட்டையில் ஒரு பொத்தான்கூட அறுபடவில்லை.

ஜாரட்டுக்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. மூன்றாவது வாரம் அவன் அப்பா ராய்ஸ் ஆலை வாசலுக்கு வந்தார். மாட்டு லாரி ஓட்டுகிறவர், வாரத்துக்கு இரண்டு முறை அந்த ஆலைக்கே மாடு இறக்குகிறவர். வேலைநேரம் முடிந்து, ரத்தம் தெறித்த வெள்ளை அங்கியோடு, கண்ணில் கட்டோடு வெர்லின் வெளியே வந்தான்.

"ஓட்ஸ்ங்கிறது நீதானா?"

"நான்தான்."

அடித்தார். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. வெர்லின் கையைத் தூக்கவே இல்லை. விழுந்தான், எழுந்தான், மறுபடி நின்றான். மறுபடி அடித்தார். உள்ளேயிருந்து ஆட்கள் கையில் கொக்கியும் கத்தியுமாக ஓடிவந்தார்கள். அந்த ஆலையில் எல்லாருக்கும் அவன் மேல் பிரியம். உடைந்த தாடையோடு அவர்களைப் பார்த்து, "விடுங்க, அவரை விடுங்க" என்றான். ராய்ஸ் கை ஓயும்வரை அடித்துவிட்டு, லாரியின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். போலீஸ் கேட்டபோது வெர்லின் புகார் கொடுக்க மறுத்துவிட்டான்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திட்டினேன். "உனக்கு என்ன, சிலுவையில ஏறணும்னு வேண்டுதலா? ஒரு தடவை 'நான் இல்ல'ன்னு சொன்னா நாக்கு அழுகிடுமா?"

தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். பல்லிடுக்கில் பேசினான். "நான்தானே."

என் விசிலைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன். ஒவ்வொரு வாரமும் அவனுக்கு ஆரஞ்சுச் சாறும் சூப்பும் கொண்டுபோனேன். நல்ல நண்பன் என்று நர்ஸ் சொன்னாள்.

ஏப்ரலில் பையனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு நாள் காலை ராய்ஸ் வெர்லினுக்குப் போன் செய்தார். "என் மகன் உன்னைப் பார்க்கணுமாம். நான் வேண்டாம்னுதான் சொன்னேன்." ஒரு கண்ணோடு நெடுஞ்சாலையில் ஓட்டுவது வெர்லினுக்கு இன்னும் பழகவில்லை. என்னைக் கூப்பிட்டான். மறுக்க என்னிடம் காரணம் இல்லை.

வாசலில் ராய்ஸ் வழியை மறித்து நின்றார். "ஊர்ல எல்லாரும் அவன்கிட்ட, நீ உள்ள போயிட்டே, நடுவருங்கதான் திருடிட்டாங்கன்னு சொல்லியிருக்காங்க. அவன் கேட்டா ஆமான்னு சொல்லு. அதுமட்டும் போதும்."

சொல்லிவிட்டு வழியை விட்டார். உள்ளே போனோம்.

ஜாரட் சக்கர நாற்காலியில், தலையை இரண்டு பக்கமும் பட்டை பிடித்திருக்க, ஜன்னலோரம் இருந்தான். நூற்றுப் பத்து கிலோவில் பாதிதான் மிச்சம். தொண்டையில் குழாய் போட்டு எடுத்த தழும்பு. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சுக்கு நிறுத்திப் பேசினான்.

"பந்தை எடுத்தது வரைக்கும் ஞாபகம் இருக்கு சார். அப்புறம் ஒண்ணும் இல்ல. நீங்க பக்கத்துல நின்னீங்கன்னு சொன்னாங்க. நான் உள்ள போனேனா?"

ராய்ஸ் வெர்லினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல தம்பி. நீ எடுத்த உடனே ஆட்டம் முடிஞ்சுது. ஒன்பதாம் கஜத்துல. நழுவவிட்டவன் நீ இல்ல, அதனால நீ ஓடக்கூடாது."

"அப்ப ஏன் ஓடினேன்?"

"நான் ஊதல."

"விசில் கேட்டிருந்தா நான் நின்னிருப்பேன்."

"நின்னிருப்பே."

"ஏன் ஊதல?"

வெர்லின் சொன்னான். எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சட்டம், பத்தொன்பது வருஷப் பழக்கம், தாளில் தெரிந்தது உடம்புக்குத் தெரியாமல் போனது, எல்லாம். ஒன்றையும் மெழுகவில்லை. உடைந்து சேர்ந்த தாடை பேசும்போது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பையன் கண் மூடாமல் கேட்டான்.

"அஞ்சு பேரு இருந்தீங்களே" என்றான் ஜாரட். "அஞ்சு பேருக்கும் நியூ மெக்சிகோவா?"

வெர்லின் தரையைப் பார்த்தான். "என் கண்ணு உன் மேலதான் இருந்துச்சு. மத்தவங்க என்ன பார்த்தாங்க, என்ன பண்ணாங்கன்னு நான் பார்க்கல. பார்க்காததை நான் சொல்ல மாட்டேன்."

பையனால் தலையைத் திருப்ப முடியாது. கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தான். "நீங்களும் அன்னிக்கு இருந்தீங்களா?"

வண்டியிலேயே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். நான் அங்கே இல்லை என்று சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன், அதையும் மறைக்கவில்லை. வெர்லின் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

"கோட்டு மேல நின்னேன்" என்றேன். "பார்த்தேன். சட்டம் தெரியும். எனக்கு டெக்சஸ் மட்டும்தான் தெரியும். விசில் கையில இருந்துச்சு."

"அப்புறம்?"

"நீ உள்ள போறியான்னு பார்க்கணும்னு ஆசையா இருந்துச்சு."

பையன் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

"அப்பா, நீ பாதியத்தான் அடிச்சிருக்கே."

ராய்ஸ் என்னை நோக்கி வந்தார். நான் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். முதல் குத்து மூக்கில். உள்ளே ஏதோ நொறுங்கி, வாய் முழுக்க உப்புக்கரித்தது. இரண்டாவது காதோடு சேர்த்து. நாற்காலியின் சக்கரத்தருகே விழுந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஐந்து மாதத்தில் எனக்கு மூச்சு சுலபமாக வந்தது அப்போதுதான். வெர்லின் ஓடிவந்து குனிந்தான். ராய்ஸ் அவனை ஒரு கையால் தள்ளிவிட்டு, என் தலைக்கு நேராகப் பூட்ஸ் காலைத் தூக்கினார்.

"போதும்ப்பா" என்றான் ஜாரட்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவன் நெஞ்சில் அவ்வளவு காற்று கிடையாது. ராய்ஸ் உடனே நின்றார்.